தபாலில் வரும் கையெழுத்து: ஹாக்கி வீரர்களுக்கு எழுதத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பயிற்சி முடிந்து உடை மாற்றும் அறைக்கு வருகிறார் ஒரு ஹாக்கி வீரர். ஸ்கேட்டைக் கழற்றிவிட்டு உட்காரும்போது பக்கத்தில் ஒரு கட்டுக் கடிதம் இருக்கிறது. சாப்பிடப் போவதற்குள் பத்து நிமிடம் கிடைக்கும். முதல் உறையில் நான்கு பக்கக் கடிதமும் ஒன்பது கார்டுகளும். திருப்பி அனுப்ப உறை இல்லை. அடுத்ததில் அரைப் பக்கக் கடிதம், ஒரே ஒரு கார்டு, முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறை. இரண்டாவது ஒரு நிமிடத்துக்குள் கையெழுத்தாகி, மூடப்பட்டு, தபாலுக்குப் போகிற பெட்டியில் விழுந்துவிடும். முதலாவது அங்கேயே கிடக்கும்.

தபால் வழியாகக் கையெழுத்து சேகரிக்க நினைப்பவர் இந்தக் காட்சியை மறக்காமல் இருந்தால் போதும், மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்தே வந்துவிடும். அந்த மனிதருடைய வேலையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. கீழே சொல்வதெல்லாம் அதைச் செய்யும் வழிகள்தான்.

இங்கே ஹாக்கி என்று சொல்வது ஐஸ் ஹாக்கியை. நான் எழுதுவது கனடாவிலிருந்து, அதனால் கனடா தபால் வழக்கத்தை முதலில் சொல்கிறேன். வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.-இன் 32 அணிகளில் 7 கனடாவிலும் 25 அமெரிக்காவிலும் இருப்பதால், எல்லை தாண்டி எழுதும் விஷயத்தையும் விட முடியாது.

முதலில் என்ன வாங்குவது

அதிகம் வேண்டாம். 10-ஆம் எண் நீள உறைகள் ஒரு கட்டு, அதற்குள் மடிக்காமல் நுழையும் 9-ஆம் எண் உறைகள் ஒரு கட்டு, ஸ்டாம்ப், 3-க்கு 5 அங்குல இண்டெக்ஸ் அட்டைகள், கார்டு போட மெல்லிய பிளாஸ்டிக் உறைகள், ஒரு நோட்டு. பேனா அனுப்பத் தேவையில்லை. அணியின் உடை மாற்றும் அறையில் ஷார்ப்பி என்ற மார்க்கர் பேனாவுக்குப் பஞ்சம் இருக்காது. உறைக்குள் பேனா வைத்தால் தபால் இயந்திரத்தில் சிக்கி உறைதான் கிழியும்.

எதில் கையெழுத்து வாங்குவது

ஹாக்கி கார்டுதான் எளிது. இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம், எடை இரண்டு கிராமுக்கும் குறைவு. ஆனால் எல்லாக் கார்டும் கையெழுத்துக்கு ஏற்றதல்ல. பின்னணி இருட்டாக இருந்தால் கறுப்பு மையோ நீல மையோ தெரியாமல் போய்விடும். ஹாக்கியில் நமக்கு ஒரு வசதி உண்டு: தரையே வெள்ளை. கார்டின் கீழ்ப்பாதியில் பனித்தளம் நிறையத் தெரிகிற படமாகப் பார்த்து எடுங்கள், நீல ஷார்ப்பி அதில் பளிச்சென்று நிற்கும். வெள்ளைச் சட்டை அணிந்த படமும் நல்லது. 2003-04 பருவத்திலிருந்து என்.எச்.எல். அணிகள் சொந்த ஊரில் அடர்நிறச் சட்டையும் வெளியூரில் வெள்ளையும் அணிகிறார்கள், அதற்கு முன் இது தலைகீழாக இருந்தது. அதனால் இப்போதைய வீரர் என்றால் வெளியூர் ஆட்டப் படம் தேடுங்கள். 1990-களில் ஆடியவர் என்றால் சொந்த ஊர்ப் படம்.

அடுத்த தொல்லை பளபளப்பு. இப்போது வரும் கார்டுகளின் மேல் ஒரு வழவழப்பான பூச்சு இருக்கிறது. மை அதில் ஒட்டாமல் சிறு சிறு துளியாகத் திரண்டுகொள்ளும், அல்லது வீரர் கையெழுத்திட்ட கையோடு உறைக்குள் தள்ளும்போது இழுபட்டுவிடும். இதற்குச் சேகரிப்பவர்கள் கையாளும் பழைய வழி, கொஞ்சம் சோளமாவோ குழந்தைகளுக்குப் போடும் பவுடரோ பஞ்சில் தொட்டு, கையெழுத்து விழும் இடத்தில் மெல்லத் தடவி, பிறகு சுத்தமாகத் துடைத்துவிடுவது. வெள்ளை ரப்பரால் அழுத்தாமல் தேய்ப்பவர்களும் உண்டு. முதலில் தேவையில்லாத ஒரு கார்டில் செய்து பார்த்து, அதே கார்டில் நீங்களே கையெழுத்துப் போட்டும் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னும் உலோகப் பூச்சுக் கார்டுகளை நான் அனுப்புவதே இல்லை. சாதாரணத் தாள் கார்டு இருக்கும்போது அவற்றோடு மல்லுக்கட்டுவது வீண்.

விலை உயர்ந்த கார்டை அனுப்பவே கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இன்றைய பெரிய நட்சத்திரம் கானர் மெக்டேவிடின் 2015-16 அப்பர் டெக் 'யங் கன்ஸ்' என்ற புதுமுகக் கார்டு உங்களிடம் இருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும். அனுப்பியது திரும்ப வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. தொலைந்தாலும் மனம் வாடாத கார்டைத்தான் அனுப்ப வேண்டும்.

எத்தனை? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இரண்டு அனுப்பும்போது, ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று கடிதத்தில் எழுதுவது நல்ல பழக்கம். சில வீரர்கள் தங்கள் கார்டையே பார்த்திருக்க மாட்டார்கள், குறிப்பாகச் சின்ன லீக்குகளில் ஆடும் பையன்கள்.

கார்டே இல்லாத பழைய வீரருக்கு இண்டெக்ஸ் அட்டை போதும். வெறும் வெள்ளை அட்டை என்று நினைக்காதீர்கள். பூச்சு கிடையாது, மை அழகாக ஊறும், கையெழுத்தே அங்கே முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளும். ஜான் பெலிவோ, கோர்டி ஹவ் போன்ற பழைய தலைமுறையினர் ஒவ்வோர் எழுத்தும் படிக்கும்படி கையெழுத்திட்டவர்கள். அப்படிப்பட்ட கையெழுத்துக்கு வெள்ளை அட்டையைவிட நல்ல இடம் இல்லை.

ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டை, அதாவது பக்கை, அனுப்பலாமா என்று புதியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். விட்டுவிடுங்கள். ஒரு பக் 156 முதல் 170 கிராம் எடை, ஓர் அங்குலத் தடிமன். அது கடிதமாகப் போகாது, பார்சலாகத்தான் போகும். கறுப்பு ரப்பரில் எழுத வெள்ளியோ வெள்ளையோ பெயின்ட் பேனா வேண்டும். காயும் வரை ஒருவர் காத்திருக்க வேண்டும். முதலில் சொன்ன அந்தப் பத்து நிமிடத்தில் இத்தனையும் நடக்காது.

கடிதம்

கையால் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, அரைப் பக்கம் இன்னும் நல்லது. கனடா, அமெரிக்க வீரர்களுக்கு ஆங்கிலம். கியூபெக் வீரருக்கு உங்களால் முடிந்தால் பிரெஞ்சில் எழுதலாம். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, படிக்க முடிந்தால் சரி.

கடிதத்தில் இருக்க வேண்டியது மூன்றே விஷயம்: நீங்கள் யார், அவருடைய ஆட்டத்தில் உங்களைத் தொட்டது எது, என்ன கேட்கிறீர்கள். நடுவில் உள்ளதுதான் உயிர். 'நான் உங்கள் பரம ரசிகன்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதே வரியை எந்த வீரருக்கும் அனுப்பலாம் என்பது அவருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். ஒரு தற்காப்பு ஆட்டக்காரருக்கு நான் எழுதிய கடிதத்தின் சாரம் இது:

'அன்புள்ள ஐயா, எனக்கு ஹாக்கி நாற்பது வயதில்தான் அறிமுகமானது. நான் பிறந்த ஊரில் பனியே கிடையாது. என் மகள் பள்ளியில் ஸ்கேட்டிங் கற்றபோது அவளோடு சேர்ந்து ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கினேன். கோல் போடுபவர்களையே எல்லோரும் பார்க்கிறார்கள். ஒருவர் கீழே விழுந்து உடம்பால் பக்கைத் தடுப்பதன் அருமை உங்கள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. முடிந்தால் இத்துடன் உள்ள கார்டில் கையெழுத்திட்டுத் தர முடியுமா? திருப்பி அனுப்ப உறை வைத்திருக்கிறேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.'

அவ்வளவுதான். கார்டு ஐந்து வாரத்தில் வந்தது. என் கடிதத்தின் ஓரத்திலேயே மகளுக்கு ஒரு வரி வாழ்த்து எழுதி, அதையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அந்தக் கடிதத்தாள்தான் இன்று என்னிடம் இருப்பவற்றில் எனக்கு மிகப் பிரியமானது.

பெயர் குறிப்பிட்டுக் கையெழுத்துக் கேட்பதில் தயங்க வேண்டாம். 'கவிதாவுக்கு' என்று எழுதிய கார்டை விற்பது கடினம். அதனாலேயே அப்படிக் கேட்பவர் விற்பனைக்காரர் இல்லை என்று வீரருக்குத் தெரியும். சட்டை எண்ணையும் சேர்த்து எழுதக் கேட்கலாம். அதற்கு மேல் நீளமான வாசகம் எதையும் கேட்காதீர்கள். பொய்க் கதைகள் வேண்டவே வேண்டாம். உடம்பு சரியில்லாத குழந்தை, கடைசி ஆசை என்றெல்லாம் இட்டுக்கட்டி எழுதுபவர்களால், உண்மையாகவே அப்படி எழுதும் குடும்பங்களின் கடிதத்துக்கும் மதிப்புக் குறைகிறது.

உறையும் ஸ்டாம்பும்

தமிழில் சிறுகதை எழுதி இதழ்களுக்கு அனுப்பியவர்களுக்கு இது பழக்கமான விஷயம்: 'போதிய தபால்தலை ஒட்டிய சுயமுகவரியிட்ட உறை'. கதை திரும்பி வருவதற்கு அது இல்லாமல் முடியாது. கையெழுத்துக்கும் அதே சட்டம்தான்.

9-ஆம் எண் உறையில் பெறுநராக உங்கள் பெயரும் முகவரியும், ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று. கார்டை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைவிடச் சற்றே பெரிதாக வெட்டிய ஒரு தானியப் பெட்டி அட்டையைத் துணைக்கு வையுங்கள். கார்டை டேப் போட்டு ஒட்ட வேண்டாம், பிரிப்பதற்கு அவருக்கு நேரம் பிடிக்கும். கெட்டியான பிளாஸ்டிக் உறை மடியாது, இயந்திரத்தில் மாட்டும், எடையும் கூடும். கடிதம், கார்டு, திரும்பும் உறை எல்லாவற்றையும் 10-ஆம் எண் உறையில் போட்டு ஒட்டுங்கள்.

கனடாவில் 30 கிராம் வரை ஒரு சாதாரண உள்நாட்டு ஸ்டாம்ப் போதும், உறை 5 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது. ஒரு கடிதத்தாள் நாலரை கிராம், இரண்டு உறைகள், ஒரு கார்டு எல்லாம் சேர்த்து இந்த அளவுக்குள் வந்துவிடும். சந்தேகமிருந்தால் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

திரும்பும் உறையில் கட்டாயம் நிரந்தர ஸ்டாம்ப் ஒட்டுங்கள். கனடாவில் அது 'பி' எழுத்துப் போட்டது, அமெரிக்காவில் 'ஃபாரெவர்' என்று அச்சிட்டது. காரணம் எளிது. உங்கள் உறை அணியின் அலுவலகத்தில் ஒரு வருடம் கூடக் கிடக்கலாம், அதற்குள் தபால் கட்டணம் ஏறிவிடும். தொகை அச்சிட்ட ஸ்டாம்ப் அப்போது போதாது. நிரந்தர ஸ்டாம்ப் எப்போதும் அன்றைய உள்நாட்டுக் கட்டணத்துக்குச் சமம். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் ஃபாரெவர் ஸ்டாம்ப்களை வாங்காதீர்கள், கள்ள ஸ்டாம்ப்கள் நிறையப் புழங்குகின்றன.

எல்லை தாண்டும்போது புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று. என் முதல் ஆறு கடிதங்களும் அதில்தான் போயின. ஒரு நாட்டின் ஸ்டாம்ப் இன்னொரு நாட்டில் செல்லாது. டொராண்டோவிலிருந்து பஃபலோவுக்கு எழுதுகிறீர்கள் என்றால், வெளி உறையில் அமெரிக்காவுக்குப் போகும் கட்டணத்துக்கான கனடா ஸ்டாம்ப். உள்ளே திரும்பும் உறையில் அமெரிக்க ஸ்டாம்ப். அதுவும் உள்நாட்டு ஃபாரெவர் போதாது, ஏனென்றால் அந்த உறை அங்கிருந்து வெளிநாட்டுக்கு வருகிறது. 'குளோபல் ஃபாரெவர்' என்று ஒன்று 2013 முதல் இருக்கிறது, வட்ட வடிவில் வரும். ஓர் அவுன்ஸ் வரை எந்த நாட்டுக்கும் அது செல்லும். அமெரிக்கத் தபால் துறையின் இணையக் கடையில் வாங்கலாம், அங்கே உறவினர் இருந்தால் ஒரு தாள் வாங்கி அனுப்பச் சொல்லலாம். அமெரிக்காவிலிருந்து மாண்ட்ரியலுக்கு எழுதுபவர் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்: உள்ளே இருக்கும் உறையில், கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் கட்டணத்துக்கான கனடா ஸ்டாம்ப். வேறு நாட்டில் இருப்பவர்களுக்கும் விதி ஒன்றுதான், உறை எந்த நாட்டில் தபாலில் சேர்க்கப்படுகிறதோ அந்த நாட்டு ஸ்டாம்ப். பொருள் என்று கருதப்படும் எதுவும் எல்லை தாண்டும்போது சுங்கப் படிவம் கேட்கப்படலாம். அதனால் வெளிநாட்டு அணிக்கு எழுதும்போது கார்டுக்குப் பதில் இண்டெக்ஸ் அட்டையோடு தொடங்குவது நல்லது.

இன்னொரு சின்ன வேலை. திரும்பும் உறையின் உள்மடிப்பில் பென்சிலால் வீரரின் பெயரை எழுதிவிடுங்கள். இப்போதைய வீரர்களின் கையெழுத்து பல சமயம் இரண்டு கோடும் ஒரு சுழியும்தான். பத்து இடத்துக்கு இண்டெக்ஸ் அட்டை அனுப்பியிருக்கும்போது எது யாருடையது என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

யாருக்கு, எங்கே, எப்போது

எடுத்தவுடன் பெரிய நட்சத்திரங்களுக்கு எழுதாதீர்கள். அவர்களுக்குச் சாக்குச் சாக்காகக் கடிதம் வரும். வேய்ன் க்ரெட்ஸ்கி போன்றவர்கள் கையெழுத்துக்கென்றே நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். அங்கே தபால் வழி பலிக்காது. மூன்றாவது, நான்காவது வரிசையில் ஆடுபவர், மாற்றுக் கோல்காப்பாளர், இந்த ஆண்டுதான் அணிக்கு வந்த பையன், இவர்களுக்கு எழுதுங்கள். இவர்களுக்குக் கடிதம் எழுதுபவர்கள் குறைவு என்பதால் உங்கள் கடிதம் உண்மையாகவே படிக்கப்படும்.

அதைவிட நல்ல இடம் என்.எச்.எல்.-க்கு அடுத்த படியில் இருக்கும் ஏ.எச்.எல். டொராண்டோ மார்லீஸ், லவால் ராக்கெட், பெல்வில் செனட்டர்ஸ் எல்லாம் அங்கே ஆடும் அணிகள். அதற்கும் கீழே இளையோர் லீக்குகள். மெக்டேவிட் 2015-இல் என்.எச்.எல். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாகத் தேர்வாவதற்கு முன் மூன்று பருவம் ஈரி ஆட்டர்ஸ் என்ற இளையோர் அணியில் ஆடினார். அப்போதே அவருக்கு எழுதிப் பதில் பெற்றவரின் கையில் இருப்பதை இன்று எந்தத் தபாலும் கொண்டுவராது. பெண்களுக்கான பி.டபிள்யூ.எச்.எல். லீக் 2024 ஜனவரி 1 அன்று தன் முதல் ஆட்டத்தை ஆடியது. வீராங்கனைகளின் கார்டுகளும் வெளிவருகின்றன. புது லீக், புது ரசிகர்கள்; மகள்கள் இருக்கும் வீட்டில் இங்கிருந்து தொடங்குவதுதான் என் விருப்பம்.

முகவரி அணியினுடையதாகவே இருக்கட்டும். அணியின் இணையதளத்தில் ரசிகர் கடிதங்களுக்கென்று முகவரி கொடுத்திருந்தால் அது. இல்லையென்றால் வீரரின் பெயர், அடுத்த வரியில் அணியின் பெயர், பிறகு அணி ஆடும் அரங்கின் முகவரி. ஆடும் வீரரின் வீட்டு முகவரியை எங்காவது கண்டாலும் அங்கே எழுதாதீர்கள். அது அவருடைய குழந்தைகள் இருக்கும் இடம். ஓய்வு பெற்றவர் என்றால் அவர் வேலை பார்க்கும் அணி, நடத்தும் பயிற்சிப் பள்ளி, பழைய வீரர் சங்கம் வழியாக முயலலாம். சிலர் தங்கள் அறக்கட்டளைக்கு ஒரு சிறு தொகை கேட்பார்கள், கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள். எண்பது வயதைத் தாண்டியவருக்கு எழுதும்போது ஒரே ஓர் அட்டை வையுங்கள். கை நடுங்கும் மனிதருக்கு இரண்டாவது கையெழுத்து ஒரு சுமை.

காலமும் பார்க்க வேண்டும். பருவம் அக்டோபரை ஒட்டி ஆரம்பித்து ஏப்ரலில் முடியும், அப்புறம் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள் ஜூன் வரை இழுக்கும். அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை அனுப்புவது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. மார்ச் முதல் வாரத்தை ஒட்டி அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு வரும், ஜூலை 1 அன்று புது ஒப்பந்தங்கள் தொடங்கும். இந்த இரண்டுக்கும் சற்று முன்னால் அனுப்பிய கடிதம், வீரர் போன பிறகு பழைய அணிக்குப் போய்ச் சேரும். கோடையில் அனுப்பினால் செப்டம்பர் பயிற்சி முகாம் வரை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

காத்திருக்கும்போது

நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: அனுப்பிய தேதி, யாருக்கு, எந்த முகவரி, என்ன அனுப்பினோம். பதில் வந்த தேதிக்கு ஐந்தாவது. பத்து நாளில் வந்ததும் உண்டு, பதினாறு மாதம் கழித்து வந்ததும் உண்டு, வராமலே போனவையும் நிறைய. பதில் வரவில்லை என்று அணிக்குத் தொலைபேசி செய்யாதீர்கள். ஒரு வருடம் கழித்து வேறு கார்டோடு புதிதாக எழுதலாம். தபால் வேலைநிறுத்தம் நடந்தால் எல்லாமே தள்ளிப்போகும்; 2024 நவம்பர் 15 அன்று கனடாவில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதம் நீடித்தது.

சில சமயம் உங்கள் கார்டு கையெழுத்தில்லாமல் அணி அனுப்பும் படத்தோடு வரும். அந்தப் படத்தில் கையெழுத்து இருந்தால் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். உண்மையான மைக்குக் காகிதத்தின் மேல் தனி மினுமினுப்பு இருக்கும், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் மை அடர்ந்திருக்கும். அச்சடித்ததில் இவை இரண்டும் இருக்காது. பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ரப்பர் முத்திரை என்றால் ஓரங்களில் மை திரண்டிருக்கும். ஆட்டோபென் என்ற இயந்திரம் போட்ட கையெழுத்தில் கோடு முழுக்க ஒரே அழுத்தம், தொடக்கத்திலும் முடிவிலும் பேனா நின்ற ஒரு புள்ளி. ஒரே வீரரிடமிருந்து வந்த இரண்டு கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மயிரிழை பிசகாமல் பொருந்தினால் அது மனிதக் கை போட்டதில்லை. உதவியாளர் போட்டுத் தருவதும் உண்டு, அதைக் கண்டுபிடிக்க அந்த வீரர் நேரில் போட்ட கையெழுத்தின் படங்களோடு ஒப்பிடுவதுதான் வழி.

உண்மையானது கிடைத்தால், முதல் நாள் முழுக்கத் திறந்தபடி காயவிடுங்கள். பிறகு புது பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் கெட்டி உறை. வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், ஷார்ப்பி மை சூரிய வெளிச்சத்தில் வெளுத்துவிடும். வந்த உறையையும் எறிய வேண்டாம். தபால் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும், அதைக் கார்டுக்குப் பின்னாலேயே வைத்துவிடலாம்.